விமான நிலையத்துக்கும் தீம் பார்க்குக்கும் நடுவில்

விடுமுறைக்கு வரும் குடும்பத்தை விமான நிலையத்தில் ஏற்றி, தீம் பார்க் வாசலில் இறக்கிவிடுவது பெரிய வேலையே இல்லை. அந்தக் குடும்பத்தை ஒரே பேச்சில் நிற்க வைப்பதுதான் வேலை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் என் வீட்டிலிருந்தே இதைச் செய்கிறேன். எந்த நாள் வந்து இறங்குவது, எந்த நாள் பார்க், எந்த நாள் ஊர் திரும்புவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது நான். வேன் ஓட்டுவது அந்தோணி அண்ணன், பாலோ பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகுட்டிகளோடு ஒருமுறையாவது லீவுக்குக் கிளம்பியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தானே!

அருவி பக்கத்தில் நிற்கிறோம்

திருச்சியிலிருந்து ஒரு குடும்பம். செனாய் விமான நிலையத்தில் இறங்குவதாகத்தான் பேச்சு. அந்தோணி அண்ணன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த பயணிகள் எல்லாரும் கலைந்து, தரை துடைக்கிறவர் துடைத்தும் முடித்துவிட்டார். இவர்களைக் காணோம். அப்போது எனக்கு ஃபோன். "நாங்க வந்துட்டோம் மேடம், உங்க டிரைவரத்தான் காணோம்" என்றார் குடும்பத் தலைவர். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "இங்கதான், பெரிய அருவி கொட்டுதே, அதுக்குப் பக்கத்துல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே அருவி வைத்திருப்பது சிங்கப்பூரில் அல்லவா! கடைசி நேரத்தில் அவருடைய மச்சான் டிக்கெட்டைச் சிங்கப்பூருக்கு மாற்றியிருக்கிறார். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அவர்களைக் கூட்டிவர ஏற்பாடு செய்தேன். பிறகு அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டு, "அவங்க அருவிகிட்ட நிக்கிறாங்களாம்ணே" என்று மட்டும்தான் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அருவி என்றால் கோத்தா திங்கிதான். அவர் பதறிவிட்டார்.

"அலமாக்! செனாய்ல எறங்குனவங்கள கோத்தா திங்கிக்கு யாரும்மா கூட்டிட்டுப் போனா?"

வீணாகாத முதல் நாள்

வந்து இறங்கும் நாளில் பார்க் வேண்டாம், ஹோட்டலில் நீச்சல் குளம், சாப்பாடு, தூக்கம் போதும் என்று எல்லாருக்கும் சொல்வேன். பினாங்கிலிருந்து வந்த ஓர் அப்பா கேட்கவில்லை. "ஒரு நாள வீணாக்கலாமா சிஸ்டர்?" என்று வேனை நேரே பார்க்குக்கு விடச் சொன்னார். விமானத்தைப் பிடிக்க, கோழி கூவுமுன் எழுப்பப்பட்ட இரட்டைப் பிள்ளைகள் உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் தள்ளுவண்டியில் சாய்ந்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மற்ற பிள்ளைகள் விளையாடுவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் அந்தோணி அண்ணன்தான் இரண்டு தோளிலும் இரண்டு பேரைச் சுமந்து வந்து வேனில் போட்டார். மறுநாள் காலை இருவரும் குளித்து, தொப்பி மாட்டி, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார்களாம்.

"அப்பா, எந்திரிங்க! இன்னிக்குத்தானே பார்க்குக்குப் போறோம்?"

விடியக்காலை பெரியவர்

ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர், மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். சிலோன் தமிழர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பும் விமானம் மத்தியானம்தான். அவரோ விடியும்போதே வேன் வாசலில் நிற்க வேண்டும் என்றார். பசியாறிவிட்டுக் கிளம்பலாமே என்றேன். "பிள்ளை, ரோட்டில என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். ரோட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஹோட்டல் பேன்கேக் போன துக்கத்தில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். மகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். விமான நிலையத்தில் கவுண்டர் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் மட்டும் முதல் வரிசை நாற்காலியில் திருப்தியாக அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனைவி என் காதருகே வந்து சிரித்தார்.

"எங்கட கலியாணத்தண்டைக்கும் இவர் இப்பிடித்தான் பிள்ளை. கோயில் வாசல்ல வந்து நிண்டவர், ஐயரே வரேல்ல."

மெதுவாக ஓட்டும் டிரைவர்

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு மிரி பக்கம், நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை. சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். இந்தத் தடவை லீவு முடிந்ததும் செனாயிலிருந்தே அவர் மிரிக்கும், மனைவியும் மகளும் பினாங்குக்கும் பறப்பதாக ஏற்பாடு. அன்று பார்த்து நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து, வண்டிகள் அசையவில்லை. விமானத்தை விட்டால் அவரை விட்டுவிட்டு உடன் வேலை செய்பவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு சின்ன விரல் அந்தோணி அண்ணன் தோளைத் தட்டியது. "அங்கிள், மெதுவாவே போங்க. அப்பா ஃப்ளைட் போயிரட்டும்" என்று மகள் காதில் சொன்னாள்.

"ஸ்டீரிங்க எந்தப் பக்கம் திருப்புறதுன்னே தெரியலம்மா" என்று பிறகு என்னிடம் சொன்னார் அந்தோணி அண்ணன். ஆனாலும் திருப்பினார். செம்பனைத் தோட்டத்து வழியாகப் புகுந்து, நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டார். அப்பா வாசலிலேயே மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டு, எழுந்து ஓடினார். அவள் அழவில்லை, அந்தோணி அண்ணன் கொடுத்த மிட்டாயை மட்டும் வாங்கவில்லை. அடுத்த லீவுக்கும் வேன் வேண்டும் என்று அவள் அம்மா என்னைக் கூப்பிட்டபோது, ஃபோனைப் பிடுங்கி அவளே பேசினாள்.

"ஆன்ட்டி, வரும்போது அந்த அங்கிள் வரட்டும். திரும்பிப் போகும்போது வேற ஆள அனுப்புங்க, அவரு ரொம்ப சீக்கிரமா போயிருவாரு."

இப்படி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தீம் பார்க்குக்கு அனுப்பி வைக்கும் நான், என் சொந்தப் பிள்ளைகளை எந்த நாள் கூட்டிப் போவது என்று மட்டும் இன்னும் திட்டம் போட்டபாடில்லை.