மச்சாள் படகில் ஏற்றிய பொரியல்

"…அதுவும் ஆத்துக்கு நடுவில, இவ்வளவு பேருக்கு முன்னால வச்சு, மாமியிட்ட பையைத் தா எண்டு கேக்கிறாய். நீ என்ன கஸ்டம்ஸோ?"

கேட்டது என் மச்சாள், என் கணவரின் அக்கா. கேட்கப்பட்டவள் என் மகள். என்ஜினை நிறுத்தியாகிவிட்டது. இருட்டில் தண்ணீர் படகின் அடியை நக்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. படகில் நாங்கள் ஏழு பேர்.

பாணந்துறைப் பக்கம் ஆற்றில் இரவுப் படகு விட்டு, முதலையும் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பும், கண்டல் காட்டுக்குள் இறக்கித் தேவாங்கும் காட்டுகிற ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. என் மகள் அங்கே எட்டு மாதம் பயிற்சி எடுத்தாள், வழிகாட்டி வேலைக்கு. அன்று அவளுக்குப் பரீட்சை. முழுப் பயணத்தையும் அவளே நடத்த வேண்டும். படகின் பின்பக்கம், படகோட்டிக்குப் பக்கத்தில், அந்த இடத்தின் மூத்த வழிகாட்டி உட்கார்ந்து ஓர் அட்டையில் தாளைச் செருகிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். தேறினால் திங்கட்கிழமையே வேலை. பிழை விட்டால் அதோடு சரி, இரண்டாம் தடவை கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

வீட்டார் இரண்டு பேர் வரலாம் என்றார்கள். என் கணவருக்கு முதுகுப் பிடிப்பு. "அப்ப நான் வாறன்" என்றார் மச்சாள். அவரைத் தடுக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று அந்த நேரமே யோசித்தேன்.

ஏனென்றால், கொட்டாஞ்சேனையில் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மகளுக்கு ஒரு வங்கியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவர் அவர். மகள் மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து கோயில் வாசலில் பூசை முடிந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் மச்சாள் சொல்கிற பேச்சு, "எங்கட பெட்டைக்கு ஏசி ஒத்துவராதாம், பாம்பு பூச்சிதான் ஒத்துவருமாம்." அவருடைய வாயைக் கத்தி என்பார்கள் எங்கள் வீட்டில். நான் ஊசி என்பேன். குத்தின இடம் ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். பேச்சென்று எடுத்தால் அவரை மிஞ்ச வெள்ளவத்தையில் ஆளில்லை. எனக்கு ஆகாதவர்தான், ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்கு மனப்பாடம்.

துறையில் ஏறுமுன் மகள் மூன்று மொழியிலும் சொன்னாள்: சாப்பாடு இருந்தால் இங்கேயே அலுமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். முன்பு வந்த யாரோ கோழித்துண்டு எறிந்து பழக்கியதில், ஒரு முதலை படகுகளுக்குப் பின்னாலேயே வரத் தொடங்கிவிட்டது. அக்கரையில் பெண்கள் இறங்கிக் குளிக்கிற படித்துறை இருக்கிறது. "தண்ணிக்குள்ள ஒரு துண்டு விழுந்தாலும் பயணம் அதோட முடிஞ்சுது. பிழை உங்கள்ல இல்லை, படகைக் கொண்டு போற என்னில" என்றாள்.

மச்சாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பையோடு ஏறினார்.

அந்தப் பைக்குள் என்ன என்று எனக்குத் தெரியும். மொரட்டுவையில் பஸ் நின்றபோதே மிளகு போட்டுப் பொரித்த கோழி மணத்தது. அதற்கு முன் தெஹிவளையிலேயே எங்கள் இருவருக்கும் ஒரு சண்டை முடிந்திருந்தது. இன்னொன்று வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பிழை என்னுடையது. அதை நான் வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

படகு கிளம்பியது. மகள் சிவப்பு டோர்ச்சை ஒரு கிளையில் பிடித்தாள். மீன்கொத்தி ஒன்று பந்து போலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"நித்திரை கொள்ளுற குருவியைக் காட்டச் சம்பளமோ? எங்கட வளவுக் கோழியும் நித்திரை கொள்ளுது. வாங்கோ காட்டுறன்."

கிராண்ட்பாஸிலிருந்து வந்திருந்த இளம் தம்பதியில் மனைவி களுக்கென்று சிரித்தாள். மகள் காதில் விழாதவள் மாதிரி அடுத்த வளைவுக்குப் போகச் சொன்னாள். அங்கே தண்ணீர் மட்டத்தில் இரண்டு தணல். முதலையின் கண்கள். அதன் வயதை, அது வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்வது ஏன் என்பதை, தாழ்ந்த குரலில் அவள் சொன்ன விதத்தில் எனக்கே மயிர் கூச்செறிந்தது. பின்னாலிருந்த மூத்த வழிகாட்டி ஐயா தாளில் ஏதோ எழுதிவிட்டுத் தலையசைத்தார்.

தணல் நகர்ந்தது. படகு போன பக்கமே வந்தது.

மகள் பேச்சை நிறுத்தினாள். "யாரிட்டயாவது சாப்பாடு இருக்கோ?"

"என்னட்ட இருக்கு" என்றார் மச்சாள், கொஞ்சமும் பதறாமல். "அதுக்கென்ன? கரித்துண்டும் ஆணியும் வச்சுத்தான் கட்டினனான். ஒண்டும் கிட்ட அண்டாது."

பொழுதுபட்ட பிறகு பொரித்த இறைச்சியை வெளியே கொண்டுபோனால், பேய் வாசம் பிடித்துப் பின்னால் வராமலிருக்கக் கரியும் இரும்பும் கூட வைப்பது எங்கள் வழக்கம். சிங்கள ஆட்களும் வைப்பார்கள். அலுமாரிக் கதையைக் கேட்டபோதே மச்சாள் தன் மனதுக்குள் அதைத் தீர்த்துவிட்டிருக்கிறார்: மணத்துக்குத்தானே பயம், மணத்தைக் கட்டியாகிவிட்டதே.

"மாமி, அது பேய்க்கு. முதலைக்கு விளங்காது. பையைத் தாங்கோ, இந்தப் பெட்டிக்குள்ள வச்சு மூடுவம்."

பின்னாலிருந்து ஐயா சிங்களத்தில் சொன்னார்: "சரி தங்கச்சி, பெட்டிக்குள் போனால் பயணத்தைத் தொடரலாம்." பேனை தாளுக்கு மேலே நின்றது.

அப்போதுதான் மச்சாள் கஸ்டம்ஸ் கதையை எடுத்தார். அதோடு விடவுமில்லை. "ஆருக்கெண்டு பொரிச்சனான்? உனக்குத்தானடி. காட்டுக்குள்ள பசி கிடப்பாய் எண்டு. அதைப் பறிச்சுப் பெட்டியில போடுறாளாம். நான் பாத்த வேலைக்குப் போயிருந்தா, மேசையில வச்சுத் திண்டிருப்பாய்."

"மாமி, பிறகு கதைப்பம். இப்ப தாங்கோ."

"தராட்டி?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சாள், பிள்ளையின்ர வேலை இப்ப உங்கட கையில கிடக்கு. குடுத்துத் துலையுங்கோ!"

சொல்லி முடித்தபோதே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது. மச்சாள் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஓ. என்ர கையிலதானோ?"

மகள் டோர்ச்சை அணைத்துவிட்டு வெறுங்கையை நீட்டினாள். குரலில் கெஞ்சல் இல்லை. "கடைசியாக் கேக்கிறன். தாங்கோ. இல்லையெண்டா படகைத் திருப்பச் சொல்லுறன்."

மச்சாள் பையைத் திறந்தார். சோறு கட்டுகிற லஞ்ச் சீட் பொலித்தீனில் சுற்றிய பார்சலை மடியில் வைத்து அவிழ்த்தார். கரித்துண்டையும் ஆணியையும் தேடி எடுத்து, நீட்டிய கையில் வைத்து, மகளின் விரல்களைத் தானே மடக்கி மூடினார். பிறகு விளிம்புப் பக்கம் சாய்ந்து, கோழித்துண்டுகளை ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் போட்டார்.