வெள்ளைச் சேலை வெளிச்சம்

அந்தக் காலத்தில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அரியலூர் ரயிலடிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணை வெட்டவெளியில் நிறுத்திப் படம் எடுக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு தாய்க்கும் மகளுக்கும் துரோகம் செய்தேன். கொஞ்சம் மென்மையான சொல் கிடைக்குமா என்று பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். அப்போது படம் முதலில் கண்ணாடி பிளேட்டில் விழும். அதிலிருந்துதான் காகிதத்தில் எடுக்க வேண்டும். அந்தப் பிளேட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே பெரம்பலூர் போய் இறங்கினேன். அங்கிருந்து மாட்டு வண்டியில் செட்டிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். பிளேட்டில் ஒன்று மணப்பெண்ணுக்கு, இன்னொன்று ஜோடிக்கு. மூன்றாவதை மறுநாள் உடையார்பாளையத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கென்று ஒதுக்கியிருந்தேன்.

சின்ன விவசாயக் குடும்பம். பெண்ணுக்கு அப்பா இல்லை. கொஞ்சம் புஞ்சையில் சோளமும் கம்பும் போட்டு, அம்மா ஒற்றை ஆளாக வளர்த்திருந்தார். தாலி கட்டும்போது அந்த அம்மா மாட்டுக் கொட்டகைப் பக்கம்தான் நின்றிருந்தார். கணவனை இழந்தவர் மணவறைக்கு வரக்கூடாது என்பது வழக்கம். யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதாகத் தெரியவில்லை. அவரே போய் நின்றுகொண்டார்.

வெயில் தணிந்ததும் பெண்ணைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிவரச் சொன்னேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த பெண்ணைப் பார்த்தேன். நகை தெரிந்தது, சேலைக் கரை தெரிந்தது, முகம் மட்டும் மரநிழலில் இருண்டு கிடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேரை விட்டு வெயிலில் விரித்துப் பிடிக்கச் சொல்வேன். வேட்டியில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் விழும். அன்றைக்கென்று பார்த்து வேட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுத் தொலைத்திருந்தேன். கல்யாண வீட்டில் இருந்த வேட்டிகளிலெல்லாம் மஞ்சளும் சந்தனமும்.

எரிச்சலோடு நின்றபோது கண்ணாடியில் பெண்ணின் கன்னம் திடீரென்று தெளிந்தது. தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு அந்த அம்மா போய்க்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சேலையில் வெயில் அடித்தது.

"அம்மா, இங்க வாங்க. மவ பக்கத்துல வந்து நில்லுங்க" என்றேன்.

"என்னையுங்களா?"

"உங்களத்தாங்க."

குடத்தை இறக்கி வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குடத்துத் தண்ணீரைத் தொட்டு நரைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, படத்தில் சேர்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அம்மாவும் படத்துல வருவாங்களா?" என்று பெண் கேட்டாள். காலையிலிருந்து வாடியிருந்த முகம் அப்போதுதான் மலர்ந்தது. எனக்கு வேண்டியதும் அந்த முகம்தான்.

"வருவாங்க, வருவாங்க. நீ ஆடாம நில்லு தாயி."

மாப்பிள்ளையின் பெரியப்பா என் காதோரம் வந்தார். "வெள்ளைச் சேல படத்துல வுழக் கூடாதுங்க. நல்ல காரியம்."

"வுழாதுங்க. அதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று கண்ணடித்தேன். அந்தக் கண்ணடிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அம்மாவை மகளுக்கு இடப்பக்கம், படத்துக்குள் வராத தூரத்தில், வெயிலில் நிறுத்தினேன். "கேமராவப் பாக்காதீங்க, மவளப் பாருங்க" என்றேன். "தலைப்ப ரெண்டு கையாலயும் கொஞ்சம் விரிச்சுப் புடிங்க, அழகா வுழும்" என்றேன். அவர் அப்படியே செய்தார். ஒரு வேட்டிக்குச் செய்கிற வேலையை ஒரு மனுஷிக்குச் செய்துகொண்டிருந்தேன். மூன்று எண்ணும்வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். கடைசி எண்ணிக்கையில் பெண்ணின் தோளிலிருந்து பூச்சரம் சரிந்தது. அம்மாவின் கை தன்னால் நீண்டு அதைத் தாங்கியது.

"முடிஞ்சுதுங்களா? நான் நல்லா வுழுந்திருக்கனா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா வுழுந்திருக்கீங்க."

மூன்றாவது பிளேட் பெட்டிக்குள்தான் இருந்தது. அவரைத் தனியாக நிறுத்தி ஒன்று எடுக்க ஐந்து நிமிஷம் போதும். பண்ணை வீட்டை நினைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினேன்.

ஸ்டூடியோவில் பிளேட்டைக் கழுவியதும் எனக்கே பிரமிப்பாக இருந்தது. அப்படி ஒரு முகம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை. இடது ஓரத்தில் நான்கு விரலும், வளையல் இல்லாத ஒரு மணிக்கட்டும் விழுந்திருந்தன. காகிதத்தில் எடுத்த பிறகு அந்த ஓரத்தைக் கத்தியால் நறுக்கிவிட்டேன். படத்துக்குச் சட்டம் போடவும் அப்போது கண்ணாடி கிடைக்காது. அதனால் வேலை முடிந்த பிளேட்டைச் சோடா உப்புக் கலந்த வெந்நீரில் ஊறப் போட்டு, மேலே இருக்கும் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் வெறும் கண்ணாடி மிஞ்சும். அளவும் கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் பிளேட்டையும் அப்படியே சுரண்டி, அந்தப் பெண்ணின் படத்துக்கே சட்டத்தில் பொருத்தி, அரும்பாவூரில் அவள் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்த படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா போயிட்டாங்க. காச்சலு, நாலே நாளு" என்றாள். "அவங்க மூஞ்சி ஒரு படத்துலயும் இல்லீங்க. இதுலயும் வரல. எங்க வீட்டுக்காரரு பெரியப்பா சொல்லி நீங்க காயிதத்துல வெட்டியிருப்பீங்க, கண்ணாடியில அப்படியே இருக்கும்னு அம்மா சொல்லிச்சு. அவரு நல்ல மனுசன், கேட்டா போட்டுக் குடுப்பாருன்னும் சொல்லிச்சு."

முகம் கண்ணாடியிலும் இல்லை. விரல்களாவது இருந்தன; அவற்றையும் என் கையாலேயே சுரண்டியிருந்தேன்.

"அந்தக் கண்ணாடி ஒடஞ்சு போச்சும்மா" என்றேன்.

"ஒரு சில்லுகூட இல்லீங்களா?"

அவள் அம்மாவின் விரல்கள் இருந்த கண்ணாடி எங்கள் இருவருக்கும் நடுவே மேஜைமேல்தான் கிடந்தது. அதில் படிந்திருந்த வண்டிப்பாதைப் புழுதியை அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் படத்தைத் துணியில் வைத்து மடித்தாள். "இதுவும் ஒடஞ்சிடப் போவுது, வண்டி ரொம்பத் தூக்கிப் போடுதுங்க" என்று சொல்லி, சுற்றிய துணியைப் பிரித்து இன்னொரு சுற்று இறுக்கமாகச் சுற்றினாள். கட்டுவதற்குக் கயிறு கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.