கண்ணீர் வராத அழுகை

என் கன்னத்தில் வந்து உட்கார்ந்திருப்பது மாரியம்மன்தான் என்று நான்கு மாதம் நம்பினேன். அங்கே இருந்தது புற்றுநோய். அம்மனைக் கும்பிடுகிற எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்த மூன்றாவது வருடம் அது. நானும் என் வீட்டுக்காரர் ராமையாவும் அங்கேதான் வேலை. மாசி மாதம் எனக்கு இடது காதுக்குக் கீழே புடைத்துக்கொண்டது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள். அது அம்மன் இறங்குகிற நோய், ஊசி மருந்து ஆகாது, பவுன் போட்டால் வற்றும் என்பது எங்கள் வழக்கம். அம்மாவின் பவுன் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வாசலில் வேப்பிலை செருகினேன்.

பத்து நாளில் வற்ற வேண்டியது வற்றவில்லை. ராமையா டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டார்.

"ஆத்தா கோவிச்சிக்குவா. நீங்க சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். லயத்தில் என் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அந்த வாய் இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் ரொட்டி இறங்காது. கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். புது ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனி மாதம் வீக்கம் எலுமிச்சம்பழம் அளவாகி, கல்லாய் இறுகிவிட்டது. செத்துவிடுவேனோ என்று பயம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலில் அம்மன் முன்னால் விழுந்தேன். "நான் என்ன குத்தம் செஞ்சேன் தாயே? ஒரு வழியக் காட்டு" என்று கதறினேன்.

பக்கத்தில் டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த நர்சம்மா நின்றிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த அழுகை அழறீங்க, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்களே?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியாக எப்போது கண்ணீர் வந்தது என்றே தெரியவில்லை.

"வாயும் காயுதுங்களா?" என்றார் அடுத்து. கட்டின புருஷனுக்கே தெரியாத விஷயம்!

"அம்மை நாலு மாசம் நிக்காதுங்க. உடனே கோயமுத்தூர் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஆஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, எச்சிலும் கண்ணீரும் சுரக்கும் இடங்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். வருடக்கணக்கில் புண்பட்ட எச்சில் சுரப்பியில் புற்றுநோய் பிடித்திருக்கிறதாம். நல்லவேளை, இன்னும் பரவவில்லையாம். எனக்குக் காது அடைத்துவிட்டது. என் உடம்பே எனக்கு எதிரியா?

"முதல்ல அந்தச் செயினைக் கழட்டுங்கம்மா" என்றார் டாக்டர். எனக்குக் கொக்கி அகப்படவில்லை. ராமையாதான் கழற்றினார். உள்ளே புற்றுநோயை வைத்துக்கொண்டு, வெளியே அதற்குப் பவுன் பூட்டி நான்கு மாதம் அழகு பார்த்திருக்கிறேன், பாவி!

கட்டியைக் கரைக்க வாரக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். தொண்டை வெந்துபோனது. ஆத்தா பேரைச் சொல்லிச் சொல்லியே தாங்கிக்கொண்டேன். கட்டி கரைந்தது. கார்த்திகையில் எஸ்டேட்டுக்குத் திரும்பி, அம்மை குணமானவர்கள் செய்கிற மாதிரி கோயிலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சங்கிலியை அம்மன் கழுத்தில் போட்டேன். ராமையா குழந்தை மாதிரி அழுதார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. கட்டி திரும்ப வரவில்லை. வறட்சி போகாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். பரவாயில்லை. வழி காட்டு என்றேன். என் காய்ந்த கண்ணையே காட்டிக்கொடுத்தாள். நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். வீக்கம் வற்றாவிட்டால் டிஸ்பென்சரிக்கு நடங்கள். ஆத்தா கோபிக்க மாட்டாள்.

இதைச் சொல்லும்போதும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். என் கன்னத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.