‘சாப்டியா’ என்று மட்டும் கேட்ட கம்ப்யூட்டர்

நான் ஒரு மடையன். ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்த ஒரே கேள்விக்கு ஒரு மாதம்போல மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவனை வேறு எப்படிச் சொல்வது?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும் கன்னிவாடிக்கார நண்பன் ஒருவனும் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துப் பிழைத்தோம். தூக்கமும் அங்கேதான். அவன் சிங்கப்பூர் போனான். “பொங்கலுக்கு வந்துருவேன்டா, கடைய மூடிறாத” என்றான். பொங்கல் போனது, சித்திரையும் பிறந்தது. அவனுக்குப் பதில் ஒரு பிளாப்பி வந்தது. போனில், “வாரேனா இல்லையான்னு அதுல பேசியிருக்கேன், கேட்டுக்க. பின்னாடி ஆளுக நிக்கிறாக” என்று வைத்துவிட்டான்.

எங்கள் கம்ப்யூட்டரோ பிறவி ஊமை. சவுண்ட் கார்டு கேட்டுப் போனால், கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே, இப்ப வர்ற கார்டு எதுவும் இந்தத் தாத்தாவுக்குச் சேராது.”

பழைய சாமான் டப்பாவைக் கிளறி, நீளமாக ஒரு கார்டைத் தந்தார். விண்டோஸ் 95 முணுமுணுத்துக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டது. பிளாப்பியைப் போட்டேன்.

“ஏலே, சாப்டியா” என்றது அவன் குரல். பிறகு, “சாப்டியா, சாப்டியா, சாப்டியா…”

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பாதை எண் உண்டு; பிரிண்டருக்கு உரிய ஏழாம் எண்ணிலேயே கார்டும் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே பாதைக்கு அடித்துக்கொண்டன. கார்டில் எண்ணை மாற்றுவதற்கென்று இருந்த ஜம்பர் என்ற குட்டித் தொப்பியைப் பிடுங்கி ஐந்தில் மாட்டி, விண்டோஸிடமும் சொன்னால் போதும். நான் மாட்டவில்லை. மாட்டினால் அடுத்த வாக்கியமும் வந்துவிடுமே.

ஆகவே சாயங்காலம் கடைக்கு வந்தவர்கள் போனதும் பிளாப்பியை ஓடவிடுவேன்.

“சாப்டியா?”

“புரோட்டாடா. சால்னா ஒறப்பு.”

“சாப்டியா?”

“அதான் சொன்னேன்ல!”

பெற்ற தாய்கூட என்னை இம்புட்டுத் தரம் கேட்டதில்லை.

கீழ்வீட்டு அக்கா ஒருநாள், “ஏம்ப்பா, விருந்தாடி வந்திருக்காகளா? பேச்சுச் சத்தம் கேக்குதே” என்றார்.

“ஆமாக்கா, ஒரு ஆளு” என்றேன். ஏன் சொன்னேனோ. மாடிக்கு இரண்டு தட்டு இட்லி வந்தது. இரண்டையும் நானே தின்றேன். மறுநாளும் வந்தது. அடுத்த நாள் அக்காவே ஏறி வந்துவிட்டார்.

“எங்கப்பா அந்த ஆளு? ஒன்னயவே சாப்டியா சாப்டியாங்குறாரு. அவரு சாப்டாரா?”

கம்ப்யூட்டரைக் காட்டினேன். அக்கா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே தொப்பியை மாற்றினேன்.

“ஏலே, சாப்டியா? எனக்கு இங்கன வேல நெரந்தரமாயிருச்சு. நான் வரலடா. கடைய நீயே பாத்துக்க.”

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மின்விசிறிச் சத்தம், நிறுத்த மறந்திருப்பான். அதையும் கடைசிவரை கேட்டேன்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அவன் தங்கியிருந்த விடுதிக்குப் போன் போட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“கேட்டியா?” என்றான்.

“கேட்டேன்டா. கார்டு அருமையா வேல செய்யுது. பக்கத்துல நின்னு பேசுன மாதிரி இருந்துச்சு.”

கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

“நீ சாப்டியாடா?”

“ஆச்சு, வையி.”