வடாமுக்குப் போட்ட வேலி

வாடகைக்கு ஃபேன் கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவனுக்குப் பங்குனி பிறந்தால் போதும், ஊரில் யார் யார் எப்படி எப்படிச் சாகத் தயாராக இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில், பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த நாட்களில், செஞ்சி கடைத்தெருவில் காதர் பாயின் எலெக்ட்ரிக் கடையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நைனா அப்போதும் அடுத்தவர் நிலத்தில்தான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் டெஸ்டர், சட்டைப்பையில் டேப் சுருள், மனதில் எப்போதும் ஒரு பயம். இந்த மூன்றோடுதான் வீடு வீடாகப் போவேன். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கோடையைக் கழித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

தீக்குச்சி

அந்த வருஷம் நான் முதலில் ஃபேன் கொண்டுபோனது கண்டக்டர் வீட்டுக்கு. கண்டக்டர் வீட்டில் தங்குவது அபூர்வம். அமாவாசை நெருங்கினால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸோடு போய்விடுவார். வீட்டில் அவர் மனைவி சரோஜா அக்காவும், ஒன்பது வயது கீதாவும், அவள் தம்பி பாபுவும். போதாததற்கு லீவுக்கு வல்லத்திலிருந்து வந்திறங்கிய சரோஜா அக்காவின் தமக்கை பிள்ளைகள் வேறு. டேபிள் ஃபேனைப் புது பிளக்கோடு மாட்டி, ஒயரைப் பிள்ளைகள் கால் படாமல் சுவரோரமாக இழுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பிளக் அலமாரியில் கிடக்கிறது. ஒயரின் முனைகளைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, இறுகுவதற்குத் தீக்குச்சி சொருகியிருந்தார்கள். செம்புக் கம்பி பளபளவென்று வெளியே தெரிகிறது. அதற்கு நேர் கீழே பாபு பம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய்ச் சுவிட்சை நிறுத்தினேன். "யாரு கழட்டினது?" என்றேன். சரோஜா அக்கா நிதானமாகச் சொன்னார்: "நான்தான் தம்பி. பிளக்குன்னா புள்ளைங்க புடுங்கிப் புடுங்கி வெளையாடுதுங்க. குச்சின்னா பயந்துகினு கிட்டவே போவாதுங்க."

போகாத பீஸ்

கண்டக்டர் வீட்டை ஒட்டி மண்டிக்காரர் வீடு. வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். கண்டக்டர் குடியிருந்த வீடும் அவருடையதே. இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான் தடுப்பு.

வெயில் ஏற ஏற அவர் வீட்டில் ஃபேன்கள் பெருகின. ஃப்யூஸ், எங்கள் ஊர் வாயில் பீஸ், போய்க்கொண்டே இருந்தது. இரண்டு தடவை நான் போய்க் கம்பி மாற்றினேன். சுமை அதிகம், தனி லைன் இழுக்கவேண்டும் என்று சொன்னேன். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிடவில்லை. பிறகு வேறு வேலையாகப் போனபோது பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே சைக்கிள் ஸ்போக்கை வெட்டி வைத்து முறுக்கியிருந்தார். வீடு பற்றி எரிந்தாலும் அந்தக் கம்பி உருகாது. அதைச் சொன்னதற்கு, தொடையில் தட்டிச் சிரித்தார்: "அடிக்கடி போற பீஸு எதுக்குடா? ஊர்ல கரண்டே போனாலும் என் வூட்டு பீஸு போவாது!"

செருப்பு

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே தெருக்கோடியில் ஒரு அறிவியல் வாத்தியார் இருந்தார். துணி காயப்போடும் கம்பியை மின்சாரம் வரும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார். டெஸ்டர் வைத்தேன். மங்கலாக எரிந்தது. "சார், கொடியில கரண்ட் வருது" என்றேன். இவராவது பதறுவார் என்று நம்பினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னார்: "தெரியும்பா. அதனாலதான் செருப்பு போட்டுகினு துணி காயப்போடுங்கன்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

வடாமும் குரங்கும்

சித்திரையில் மலையில் தண்ணீர் வற்றினால் ராஜகிரிக் கோட்டைக் குரங்குகள் ஊருக்குள் இறங்கிவிடும். அதே சித்திரையில்தான் ஊர் முழுக்க மாடியில் வடாம் பிழிகிறார்கள். குரங்குகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வீட்டில் கறுப்புக் குடை விரித்து வைப்பார்கள், இன்னொரு வீட்டில் பட்டாசு கொளுத்துவார்கள். மண்டிக்காரர் வீட்டு வடாம் முழுவதையும் ஒருநாள் காலையில் குரங்குகள் வாரிப்போட்டுவிட்டன. அதற்கு மறுநாளே அவர் தன் யோசனையைச் செயல்படுத்திவிட்டார்.

சரோஜா அக்கா வீட்டு மாடியில் சாயங்காலம் பிள்ளைகள் தாயம் ஆட ஒரு பல்பு மாட்டப் போயிருந்தேன். பக்கத்து மாடியில் வெள்ளை வேட்டி விரித்து வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் செங்கல், செங்கல் மேல் கட்டுக்கம்பி. கம்பியின் ஒரு முனையிலிருந்து ஒயர் ஒன்று படிக்கட்டு பல்பு ஹோல்டருக்குள் போயிருந்தது. எட்டி டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மண்டிக்காரர் மனைவி மேலே வந்தார். "இன்னாம்மா இது?" என்று கத்தியே விட்டேன். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "கொரங்குக்குத்தான் தம்பி. ஒருவாட்டி பட்டா மறுவாட்டி வராது."

எனக்கே சொல்ல வந்துட்டான்

அன்றைக்கே மண்டிக்குப் போனேன். கடலை மூட்டைகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். வெளியூர் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "ஐயா, பக்கத்து மாடியில புள்ளைங்க வெளையாடுதுங்க. சுவரு இத்தனூண்டுதான். அந்தக் கம்பிய எடுத்துடுங்கய்யா" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகையைப் போல்தான் வரும்.

"கொரங்குக்கு வெச்சத மனுசன் எதுக்குடா தொடறான்?" என்றார். நான் நகரவில்லை. அப்போதுதான் அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, என்னைக் கையால் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவனுங்க காலனிக்கு வெளக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது? கரண்டப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டான்!"

குடியிருப்பவர் சொன்னது

மண்டிக்காரர் கேட்காவிட்டால் போகட்டும், பெற்றவள் கேட்பாள் என்று சரோஜா அக்காவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. "நீங்க போயி ஒரு வார்த்த கேளுங்கக்கா. உங்க புள்ளைங்கன்னா அவரால மறுக்க முடியாது" என்றேன். அக்கா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"அவங்க வூட்லதான் குடியிருக்கறோம். போயி கேட்டா காலி பண்ணுன்னுவாங்க. லீவு முடியறவரிக்கும் புள்ளைங்கள மாடிக்கி ஏற வாணாம்னு சொல்லிடறேன் தம்பி, போதுமா?"

ஃபேன் நின்றால்

போதாது என்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டேன். காயாத வடாமைத் திருடித் தின்னாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? பாபுவின் வாயோரத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. கீதாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. கம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், நாக்கு உலர, அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

அந்தக் கோடையில் கரண்ட் நினைத்த நேரத்தில் போகும், நினைத்த நேரத்தில் வரும். மண்டிக்காரர் மனைவி வடாம் விரித்ததும் சுவிட்சைப் போட்டால், சாயங்காலம் வடாம் எடுக்கும்போதுதான் நிறுத்துவார். நடுவில் கரண்ட் போனாலும் சுவிட்ச் போட்டபடியேதான் இருக்கும். கீதா என்னிடம் இரகசியம் சொல்வதைப் போலக் குனிந்து சொன்னாள்: "எங்களுக்குத் தெரியும்ண்ணா. நீங்க குடுத்த ஃபேன் நின்னாதான் ஓடிப்போயி எடுப்போம். சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடுவோம்."

நான் செய்த வேலை

மறுநாள் பல்பைப் பார்ப்பதாகச் சொல்லி மாடிக்குப் போனேன். சுவரைத் தாண்டினேன். ஹோல்டருக்குப் போன ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, முனைக்கு டேப் சுற்றிவிட்டு இறங்கிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் மண்டிக்காரர் எங்கள் கடை வாசலில் நின்று கத்தினார். யாரைக் கேட்டு என் மாடியில் கால் வைத்தான் என்றார். இன்னும் சிலவும் சொன்னார், அவற்றை எழுத என் கை வரவில்லை. ஒயரைத் திரும்ப இணைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். காதர் பாய் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று நான் பாயை முறைத்துக்கொண்டு நின்றேன். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது நெசந்தான் தம்பி. ஆனா இன்னொருவாட்டி அவரு மாடி ஏறாத. திருட்டுப் பட்டம் கட்டிட்டாருன்னா என்னால உன்ன வெளிய எடுக்க முடியாது."

மாலை மரியாதை

அதற்குப் பிறகு கடை ஃபேன் நின்றால் போதும், வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு ஓடுவேன். பாயும் எதுவும் கேட்கமாட்டார். ஒரு சனிக்கிழமை முற்பகல் ஃபேன் நின்றது. ஓடினேன். தெருமுனை டீக்கடையைத் தாண்டும்போது, செத்துக்கிடந்த ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. அதே நொடியில் மாடியிலிருந்து பிள்ளைகளின் அலறல் கேட்டது.

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. கீதாவின் ஒரு கால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவளை இழுத்துப் பின்னால் தள்ளினேன். வேலியில் ஒரு பெண் குரங்கு. ஒரு கை கம்பியில், ஒரு கை தண்ணீர்க் குழாயில். "மெயின நிறுத்துங்க, மெயின நிறுத்துங்க" என்று கத்தினேன். கீழே யாரோ நிறுத்தினார்கள். குரங்கு சரிந்து விழுந்தது. மண்டிக்காரரின் பீஸ் மட்டும், அவர் பெருமைப்பட்டபடியே, போகவில்லை.

விஷயம் கேட்டு ஓடிவந்த மண்டிக்காரர் குரங்கைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை, ஆஞ்சநேயருக்கு உகந்த நாள். அரை மணியில் மாலை வந்தது, மஞ்சள் குங்குமம் வந்தது, மேளம் வந்தது. குரங்கைக் குளிப்பாட்டிப் பட்டுத்துணி போர்த்திப் பலகையில் கிடத்தினார்கள். தெருவே திரண்டு வந்து கும்பிட்டது. மண்டிக்காரர் தன் கையாலேயே அந்தக் கட்டுக்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக் கிணற்றுமேட்டில் வீசினார். "வாயில்லா ஜீவன் பாவம் என் புள்ளைங்கள சும்மா வுடாது" என்று அழுதார். நான் அவர் எதிரில் போய் நின்றேன். "ஐயா, கீதா கால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் ஒண்ணும் ஆவலையே" என்றார்.

மேளம் மலைப்பக்கம் நகர்ந்தது. சரோஜா அக்கா கீதாவை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. போகிற ஊர்வலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னிடம் சொன்னார்: "நல்ல வேள தம்பி, கொரங்கு முந்திகிச்சு."

பிள்ளை குட்டிகளோடு கோடையைக் கழிப்பவர்களுக்கு நான் படித்த படிப்பிலிருந்து சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் யாரும் கம்பியைக் கழற்றமாட்டார்கள், அதனால் தெருவுக்கு ஒரு குரங்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.