செக்குக்காரர் குரல்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் திருத்தணி தாலுகா கச்சேரியில் நான் டவாலிச் சேவகன். வராந்தாவில் நின்று மனுதாரர் பெயரைத் தமிழில் இரண்டு முறை, தெலுங்கில் ஒரு முறை கூவ வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது மூளைக்காக இல்லை, தொண்டைக்காக.

மீதி நேரத்தில் அதே தொண்டையால் ஊரைக் கேலி செய்வேன். டீக்கடையில் எல்லாரும் விரும்பிக் கேட்டது எண்ணெய்ச் செக்குக்காரரின் குரல். பாதி காற்று, பாதி உரசல். தகரத்தில் தேங்காய் நாரைத் தேய்த்த மாதிரி. கழுத்தை இறுக்கி, மூச்சை ஓரமாகத் தள்ளினால் எனக்கும் அது வரும். அவர் எதிரிலேயே செய்திருக்கிறேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் செய்து காட்டுவேன்.

அப்புறம் அவர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. தொண்டையில் புற்று என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்குச் சளி பிடித்துக் குணமானது. ஒரு காலையில் மனைவியிடம் வெந்நீர் கேட்டேன். கேட்டது செக்குக்காரர்.

“காலங்காத்தால செத்தவரு கொரலா? நிறுத்துய்யா.”

“நிறுத்த முடியலடி” என்றேன். அதையும் அவரே சொன்னார்.

டீக்கடையில் முறையிட்டேன். “அச்சு அசல்ணா, இன்னொருவாட்டி” என்றார்கள். தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை. “கச்சேரியில கூத்தா? ஒழுங்கா கூவு, இல்லன்னா டவாலிய கழட்டி வெச்சிட்டுப் போ.”

வேலை போவது கிடக்கட்டும். சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் இறங்குகிறதா என்று காத்திருந்தேன். கழுத்தைத் தடவித் தடவித் தோல் சிவந்தது. வாசல் வெயிலில் வாயைப் பிளந்து நின்றேன். மனைவி எட்டிப் பார்த்து, “உள்நாக்குதான் தெரியுது. அது நல்லாத்தான் தொங்கினு கீது” என்றாள்.

ரயிலேறிப் பட்டணம் போனேன். தொண்டை டாக்டர் காம்பு வைத்த சிறு கண்ணாடியை எடுத்துச் சாராய விளக்கில் காட்டினார். சூடு போடப் போகிறார் என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கத்தானாம். துணியால் என் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, “ஈ சொல்லு” என்றார். நாக்கு அவர் கையில், எப்படியோ சொன்னேன்.

“உள்ள ரெண்டு மடிப்பு இருக்கு. பேசறப்போ ஓரத்தோட ஓரம் சேர்ந்து அதிரணும். உனக்கு ரெண்டுலயும் எதிரெதிரா காய்ப்பு. சேர முடியாம சந்து விழுது, காத்து ஒழுகுது. அதான் கரகரப்பு. தொண்டைய இறுக்கி என்ன பண்ணே?”

“செத்துப்போனவர் மாதிரி பேசுவேங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவருக்கு வந்ததுதாங்களா எனக்கும்?”

“இல்ல மாதிரிதான் தெரியுது. ஆறு வாரம் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் இறுக்கும். அப்பவும் கரையலன்னா வெட்டிப் பாப்போம்.”

அந்த ‘மாதிரி’யை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்துத் தாசில்தார் லீவு கொடுத்தார். “கண்ணாலம் ஆன நாளா இப்பதான் ஊடு நிம்மதியா கீது” என்று சொன்ன மனைவி, அடுப்படிக்குப் போய் வெகுநேரம் மூக்கைச் சிந்தினாள். ஆறு வாரம் நான் தும்மலைக்கூட அடக்கினேன்.

கெடு முடிந்து வராந்தாவில் நின்ற அன்று முதல் மனு பட்டா மாற்றம். செக்குக்காரரின் மனைவி பெயர். கூவினேன். பழைய சத்தத்தில் பாதிதான், ஆனால் என்னுடையது. மூன்று முறையும் என்னுடையது. அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாள் படியேறி என் அருகில் நின்றாள். “நைனா, அவர் மாதிரி பேசுவியாமே. வாசல்ல வந்து ‘இன்னாமே’ன்னு கூப்புடுவாரு. ஒருவாட்டி சொல்லேன்.”

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

கழுத்தை இறுக்கி, “இன்னாமே” என்றேன்.

“ஆங்” என்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அடுத்த பெயரைக் கூவ வேண்டும். வாயைத் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளேயிருந்து தாசில்தார் இரண்டாவது தடவை மணி அடித்தார்.