முள் ஆறைத் தாண்டவில்லை

அந்த வருஷம் காலை நேரத்தில் கச்சிராயபாளையம் ரோட்டில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் கொடியின் மதிப்பு தெரியும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எந்தத் திருப்பத்தில் மறியல் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. வண்டியின் முன் கிரில்லில் எங்கள் சாதிச் சங்கக் கொடி இருந்தால், ரோட்டின் குறுக்கே கட்டிய கயிற்றை இறக்கி விடுவார்கள். இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். நான் கட்டினேன். எங்கள் ஆட்கள், எங்கள் கோரிக்கை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மறைத்தது ரோட்டில். மறியலைத் தாண்டினால் காலனி வரும். என் மெக்கானிக்கின் வீடும் அங்கேதான். அந்தக் கொடியோடு அந்தத் தெரு வழியாகப் போக எனக்குக் கூச்சம், கொஞ்சம் பயமும். அதற்கப்புறம் அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் என் வண்டிக்குள் துழாவுவார்கள். அதனால் காலனிக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி, கொடியை அவிழ்த்துச் சுருட்டி கிரில்லுக்குப் பின்னால் சொருகிவிடுவேன். அந்த ரோட்டில் ஓடிய பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். ஒரு நாள் கையை விட்டுப் பார்த்தபோது கொடியைக் காணோம். காற்றில் போயிருக்கும் என்று இன்னொன்று வாங்கிக் கட்டினேன்.

என் பிழைப்பு கல்வராயன் மலைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு டீச்சர்களைத் தினமும் ஏற்றிப் போவது. டர்போ டீசல் வண்டி. ஒரு தடவை மலையில் இழுக்காமல் நின்றதிலிருந்து டாஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீட்டர் மாட்டியிருந்தேன். டர்போ இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ளுகிறது என்று காட்டும் சின்ன வட்டம். ஏற்றத்தில் முள் பதினாலில் நிற்கும். அந்த வாரம் ஆறைத் தாண்டவில்லை. பின்னால் கரும்புகை. இரண்டாவது வளைவிலேயே முதல் கியர். மூன்று நாள் தொடர்ந்து மணியடித்த பிறகு போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமையும் இப்படியே உருட்டிக்கினு வந்தின்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்பா. மெமோ வாங்கறது நாங்கதான்."

வேற வண்டிக்காரன் தயாராக இருந்தான். அவன் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் எரிகிறது.

எனக்கு மெக்கானிக் மேல்தான் கோபம். டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஓஸைப் பத்து நாள் முன்னால் அவன்தான் மாற்றினான். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். டீக்கடையில் ஒருத்தன், "இந்த நேரத்துல அவன்கிட்ட போயி வண்டிய வுட்டா இப்டிதான் ஆவும்" என்றான். வீடு வரை அதையே மென்றுகொண்டு வந்தேன்.

சனிக்கிழமை முழுக்க நானே நோண்டினேன். மீட்டர் பொய் சொல்கிறதோ என்று அதற்குப் போகும் சன்னக் குழாயை மாற்றினேன். ஓஸ் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி நுரை வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். கிளிப்புகளை முறுக்கினேன். ஒன்றின் மரை போனதுதான் மிச்சம். மலையடிவாரத்து அணை வரை ஓட்டிப் பார்த்தேன். ஆறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஷெட்டில் போய் நின்றேன்.

"நீ மாத்துன ஓஸு. அதுக்கப்பறந்தான் இது."

"மாத்தி பத்து நாளாச்சி. கம்மியானது இந்த வாரந்தான?"

"மெதுவா பிச்சிக்கினு வந்திருக்கும்."

"வேணும்னே பிச்சி வுட்டன்றியா?"

அவன் ஸ்பேனர் பையை எடுத்து முன் சீட்டில் போட்டான்.

"நிக்க வச்சி ஆக்சிலேட்டர மிதிச்சா முள்ளு காட்டாது. வுடு மலைக்கு."

அன்றும் மறியல். நான் இறங்கிக் கொடியைக் கட்டினேன். அவன் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடித்திருந்த பையன்கள், "பக்கத்துல யாருண்ணா?" என்றார்கள். "மெக்கானிக்கு" என்றேன். பெயர் சொல்லவில்லை. காலனிக்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஓரங்கட்டிவிட்டேன். கொடியைச் சுருட்டும்போதுதான் உறைத்தது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாபா அங்க சொருவுற?"

"செக்போஸ்ட்ல புடுங்கிக்குவான்."

"செக்போஸ்ட்டு இன்னும் மூணு கிலோமீட்டரு கீது."

காலனியைக் கடக்கும்போது எனக்குத்தான் வியர்த்தது.

மலையேறினோம். ஆறு. அவன் மீட்டரைப் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியில் புகையைப் பார்த்தான். "நிறுத்து" என்றான். டயருக்குக் கல் வைத்துவிட்டு வந்தேன். ஏர் பில்டர் மூடியைக் கழற்றி, பில்டரை எடுத்து என் கையில் கொடுத்தான். சுத்தமாகத்தான் இருந்தது. மூடியைத் திரும்ப மாட்டாமலே விட்டான்.

"ஒரே ஒரு வளைவு. ஓட்டு."

ஓட்டினேன். முள் ஆறு, பத்து என்று ஏறிப் பதினாலில் போய் நின்றது. முதுகை யாரோ பிடித்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது.

"ஓஸு பிஞ்சிருந்தா இப்பவும் ஏறாது. காத்து வெளிய போவல. உள்ளயே வரல. பில்டருக்கு முன்னாடிதான் அடைப்பு" என்றான். பிறகு, "மொதக் கொடி இன்னாச்சி?"

"காத்துல போயிட்ச்சி."

"காத்துலதான் போயிருக்கு."

கிரில்லுக்குப் பின்னால், காற்றை உறிஞ்சும் குழாயின் வாய்க்குள் ஸ்குரு டிரைவரை விட்டு இழுத்தான். வந்தது. புகையும் புழுதியும் ஏறி, எந்த நிறம் என்று சொல்ல முடியாத கந்தல். ஓரத்துச் சங்கப் பெயர் மட்டும் தெரிந்தது. அவன் கையெல்லாம் கரி. துடைக்கத் துணி தேடினான், இல்லை. கொடியைப் பார்த்தான்.

"இத்துல தொடச்சன்னு வை, நாளைக்கு என் ஷெட்டு இருக்காது. புடி, நீயே வச்சிக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. அவன் புல்லில் கையைத் துடைத்தான்.

"இனிமே கட்றதுன்னா மேல கேரியர்ல கட்டு. சொருவாத. எங்க தெருவுலயும் கட்டிக்கினே போ. கல்லு வுட்டா வுடட்டும். யாருன்னு தெரிஞ்சாவது வுடுவாங்க."

மன்னிப்பு கேட்கவில்லை. எனக்கு அது வராது. திரும்பும் வழியில் அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். அதுவரை ஒரு நாளும் அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தியதில்லை.

திங்கட்கிழமை கொடி கட்டவில்லை. கிரில்லிலும் இல்லை, கேரியரிலும் இல்லை. தைரியம் ஒன்றுமில்லை, கட்டக் கை வரவில்லை. கயிற்றடியில் ஒருத்தன், "இன்னாண்ணா, கொடி எங்க?" என்றான். "இன்ஜினு தின்னுட்ச்சி" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து வண்டியை நிறுத்தி வைத்தார்கள். பின்னால் வந்தவனெல்லாம் கொடியோடு முந்திப் போனான், ஸ்டாண்டில் சிரித்தவன் உட்பட. டீச்சர்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை வாட்சைப் பார்த்தார்கள்.

விட்டதும் மிதித்தேன். எல்லா வளைவிலும் பதினாலு. சிரித்தவனை மலைப்பாதையில் முந்தினேன். அப்படியும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணியடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

பெரிய டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையும் வண்டியையும் பார்த்தார்.

"வண்டி நல்லாதான் ஏறுது. கொடி ஏன் கட்டல?"

"கட்டலீங்க."

"நாளைக்கு?"

"கட்டலீங்க."

வாட்சைப் பார்த்தார்.

"அப்ப அர மணி நேரம் முன்னால வந்துடு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.